துருவின் கட்சி

வீட்டிலேயே காரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்காரும் ஆண்களின் மனைவிமார் என்ன வேண்டிக்கொள்வார்கள்? சீக்கிரம் முடியட்டும், கழற்றினதைத் திரும்ப மாட்டத் தெரியட்டும், கடைசியில் நாலு திருகாணி மிச்சப்பட்டுக் கையில் நிற்காமல் இருக்கட்டும். பல் டாக்டரின் மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேண்டிக்கொண்டது இதில் ஒன்றும் இல்லை. அந்த போல்ட் கழலவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். கையில் ஸ்பானர் தட்டை ஏந்திக்கொண்டு கணவருக்கு எடுபிடி வேலை. மனசுக்குள் துருவின் கட்சி.

வீட்டின் முன்னறைதான் கிளினிக். அதன் பக்கவாட்டில் தகரம் இறக்கிய கார் ஷெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு. காரின் இடது முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. ஜாக்கியையும் இரும்பு ஸ்டாண்டையும் நம்பாமல், கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடவைத்த பிறகுதான் அவரை அங்கே உட்காரவே விட்டாள்.

"ஸ்டாண்டு இருக்குல்ல, அப்புறம் இது எதுக்கு?" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும். வண்டி உங்க சொல்பேச்சு கேக்கும்னு எழுதிக் குடுத்திருக்கா?"

சக்கரத்தையும் வண்டியையும் பிணைத்துப் பிடிக்கிற ஓர் இரும்புக் கட்டை அடியில் இருக்கிறது. லோயர் ஆர்ம் என்பார்கள். அதன் நுனியில் ஒரு குண்டு மூட்டு. மூட்டின் தண்டு மேலே இருக்கிற இரும்புக் குழிக்குள் நுழைந்து நிற்கும். குறுக்கே ஒரு போல்ட் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த மூட்டு தேய்ந்துபோய், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் யாரோ அடியிலிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி டொக் டொக்கென்று சத்தம். இப்படியே ஓட்டினால் ஒருநாள் சக்கரம் தனியாகப் போய்விடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். சொன்னவன், செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் கைவைக்க நேரமில்லை என்றும் சொல்லிவிட்டான். டாக்டர் புதுச் சாமானை வாங்கி வந்துவிட்டார். நாளைக் காலையில் கார் ஓடியாக வேண்டும். சம்பந்தியம்மாவை அழைத்து வர வேண்டும்.

சம்பந்தியம்மா என்றால் மகளின் மாமியார். தங்கமான மனுஷி. ஆனால் எதையும் மறக்கமாட்டார். கல்யாணத்தன்று தமக்கு வந்த காபி ஆறிப்போயிருந்ததை இன்றுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டுகிறவர். அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று கெட்டுப்போய் முகமே ஒரு பக்கம் வீங்கிவிட்டது. "சம்பந்தியே பல் டாக்டரா இருக்கும்போது ஊரான்கிட்ட போய் வாயைத் திறப்பேனா?" என்று அடம். ஊருக்கு வெளியே வீடு. முழங்கால் வலியால் பஸ் ஏற முடியாது. மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூரில். ஆக டாக்டரின் கார் போனால்தான் வருவார்; வந்தால் நாளைக்கே பல்லை எடுத்தாக வேண்டும்.

முன்பு ஒருதரம் சம்பந்தியம்மா வந்தபோது கிளினிக்கிலேயே எடுத்த அந்தப் பல்லின் எக்ஸ்ரே படத்தை டாக்டரின் மனைவியும் பார்த்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கிளினிக்கில் பக்கத்தில் நின்று வேலைசெய்கிறவள். படம் பார்க்கத் தெரியும். பல்லின் வேர், தாடைக்குள் ஓடும் நரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கை ஒரு நூல் தவறினாலும் கீழுதடு மரத்துப்போகும். சில பேருக்கு ஆயுசுக்கும் திரும்பாது. டாக்டர் இதைவிடக் கஷ்டமான பற்களை எல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தவர்தான். ஆனால் அந்தக் கை இப்போது அவரிடம் இல்லை.

முதலில் சட்டைப் பித்தான் போட நேரமானது. அப்புறம் தலைவழியாகப் போடுகிற பனியன் சட்டையாக வாங்க ஆரம்பித்தார். காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். "சூடா இருக்கு" என்றார். சூடே இல்லை. போன மாதம் ஒரு பஸ் கண்டக்டருக்குப் பல் எடுக்கும்போது குறடு வழுக்கிப் பக்கத்துப் பல்லில் மோதியது. மறுபடியும் வழுக்கியது. "வேர் வளைஞ்சிருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில எடுத்துக்கங்க" என்று அனுப்பினார். வேர் வளையவில்லை. வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் உணர்ச்சி இல்லாமல் செத்துக்கொண்டிருந்தன. அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து பல் எடுக்க யாராவது போன் செய்தால், டாக்டர் ஊரில் இல்லை என்று அவளே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். சுத்தம் செய்கிறவர்களை, சின்னச் சொத்தை அடைக்கிறவர்களை மட்டும் வரச்சொன்னாள். கைக்குள் அடங்குகிற பொய்யாகத்தான் இருந்தது. சம்பந்தியம்மா நேராக டாக்டரிடமே பேசிவிட்டதில் எல்லாம் கெட்டது. "அதுக்கென்னம்மா, திங்கக்கிழமை வாங்க, நானே கார் கொண்டு வர்றேன்" என்று அவர் வாக்கும் கொடுத்துவிட்டார்.

ஒருதரம் கேட்டும் பார்த்தாள். "கையை ஒரு டாக்டர்கிட்ட காட்டலாங்களா?" என்றாள். "என் கைக்கு என்ன?" என்றார் அவர். அந்தக் குரலுக்கு மேல் பேச அவளுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை மனுஷர். அதனால்தான் இப்போது போல்ட்டை நம்பி நின்றாள். கார் கிளம்பாவிட்டால் சம்பந்தியம்மா வர முடியாது. வலி தாங்காமல் பக்கத்தில் எங்காவது காட்டிக்கொள்வார். யார் மானமும் போகாது.

டாக்டர் ஒரு குட்டை ஸ்டூலில், சக்கரம் இருந்த பள்ளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் கிளினிக்கின் ரப்பர் கையுறை. பக்கத்தில் இன்னொரு ஸ்டூலில் போன். அதில் எவனோ ஒருவன் இதே வேலையைச் சிரித்துக்கொண்டே செய்கிற வீடியோ. அந்த வீடியோக்காரனுக்கு எல்லா போல்ட்டும் வெண்ணெய்போலக் கழன்றது. அவன் வண்டி மழையே பார்த்திருக்காது போலிருக்கிறது.

வேலை செய்யும் விதத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கிளினிக்கில் டாக்டர் நோயாளியின் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். என்ன வேண்டும் என்று சொல்லமாட்டார். அவளும் கேட்கமாட்டாள். அடுத்து எது வேண்டுமோ அது உள்ளங்கையில் வந்து உட்காரும். புதிதாக வரும் நோயாளிகள் இதை வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எப்படியும் வாயைப் பிளந்துதானே இருக்கிறார்கள். கார் ஷெட்டிலும் அதேதான் நடந்தது. கை நீண்டது, எண்ணெய் டப்பா போனது. கை நீண்டது, கம்பித் தூரிகை போனது.

"துரு இளக்குற எண்ணெயை நல்லா அடி. உள்ள இறங்கணும்."

அடித்தாள். பாதிக்கு மேல் போல்ட்டுக்குப் பக்கத்தில் அடித்தாள். ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவுதான் குறி பார்க்கத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

"பதினேழு" என்றார். வழக்கத்துக்கு மாறாக வாய்விட்டுக் கேட்டது ஸ்பானர் என்பதால். அவள் தட்டில் பதினேழை எடுத்தாள். எடுத்தவள் வைத்துவிட்டுப் பத்தொன்பதை எடுத்து நீட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நேரமாவது போகட்டும் என்றுதான். கல்யாணமானதிலிருந்து அவள் கொடுத்த முதல் தப்பான சாமான் அது.

போல்ட் தலையில் மாட்டினதுமே லொடலொடவென்று ஆடியிருக்கும். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். டாக்டருக்குத் தெரியவில்லை. வலது கையால் இறுக்கிப் பிடித்து மொத்த பலத்தையும் போட்டார். ஸ்பானர் வழுக்கிக்கொண்டு போனது, முஷ்டி போய் இரும்பில் இடித்தது. 

அவர் கையை உதறிவிட்டு ஸ்பானரைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். "என்னம்மா இது, பத்தொன்பது. உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?"

"கண்ணு சரியாத் தெரியலைங்க" என்றாள். பொய்யின் மேல் பொய். தன் தந்திரம் பலித்ததில் அவளுக்குச் சந்தோஷமே இல்லை. ஆடுகிற ஸ்பானரைக் கண்டுபிடிக்காத கை, நாளைக்குச் சம்பந்தியம்மாவின் வாய்க்குள் எதைக் கண்டுபிடிக்கும்? அதுவரை பயம்தான் இருந்தது. இப்போது நிச்சயமாகத் தெரிந்துபோனது.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். டாக்டரின் மனைவி கிளினிக் பக்கம் நகர்ந்து போய்ப் பேசினாள்.

"அப்பா வண்டியை முடிச்சுட்டாராம்மா? அத்தை நேத்தெல்லாம் தூங்கவே இல்லை. இங்க பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, போலாம்னா கேக்க மாட்டேங்கறாங்க. சம்பந்தி மனசு கஷ்டப்படுமாம்."

"அங்கேயே காட்டிடச் சொல்லேன்டி. வலியோட எதுக்கு இவ்வளவு தூரம்?"

"நீ பேசுற பேச்சா இது? அப்பாவை விட்டுட்டு இன்னொருத்தர்கிட்டயா?"

"கார் நாளைக்கு ரெடியாகலைன்னா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வேற வழியே இல்லை, இங்கதான் போயாகணும். ஆனா அப்பா ரெடி பண்ணிடுவாரும்மா. அவர் பிடிச்சா விடுவாரா?"

போனை வைத்துவிட்டு வந்தபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. போல்ட் இன்னும் அசையவில்லை. பதினேழு போட்டும் அசையவில்லை. சுத்தியலால் தட்டியும் அசையவில்லை. டாக்டரின் நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பழுப்பாகச் செதில் செதிலாகப் போல்ட்டைச் சுற்றிப் பிடித்திருந்த துருவை அவள் நன்றியோடு பார்த்தாள். தாங்கிக்கோ தாயே, சாயங்காலம்வரைக்கும் தாங்கிக்கோ.

அதற்குள் காம்பவுண்டு சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார். ரிட்டயரானதிலிருந்து அடுத்தவர் வேலையைச் சுவருக்கு மேலிருந்து திருத்துவதே அவருக்கு உத்தியோகம்.

"என்ன டாக்டர், மயக்க ஊசி போட்டீங்களா?"

"போட்டாச்சு சார். அசைய மாட்டேங்குது."

"சூடு காட்டுங்க."

"பக்கத்துல ரப்பர் இருக்கு சார், எரிஞ்சுடும்."

"அப்ப நீளம் பத்தலை. பிடி நீளமானா பலம் கூடும், சின்னக் கணக்குதான். எங்க வீட்டுல கொடிக்கம்பியா இருந்த பைப்பு ஒண்ணு கிடக்கு, தர்றேன்."

"வேண்டாங்க சார்" என்றாள் டாக்டரின் மனைவி சட்டென்று. இரண்டு ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "போல்ட்டு ஒடிஞ்சுடப்போகுது" என்று இழுத்தாள்.

"ஒடிஞ்சா ஒடியட்டும்மா, கழலணும் அவ்வளவுதானே" என்று வாத்தியார் போய்ப் பைப்பைக் கொண்டுவந்து சுவர் வழியாக இறக்கினார். மூக்கை நுழைக்க வேறு வீடே கிடைக்கவில்லையா இந்த மனுஷருக்கு என்று மனசார வைதாள். பைப்பைக் கொடுத்தவர் நின்று வேடிக்கை பார்க்கவாவது செய்தாரா? உள்ளே குக்கர் கூப்பிடுகிறது என்று போய்விட்டார்.

ஸ்பானரின் வாலில் பைப்பைச் செருகி டாக்டர் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் பிடித்து மார்பால் அழுத்தினார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. போல்ட் இம்மியும் அசையவில்லை. இன்னொருதரம். ஒன்றுமில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம்தரம் அழுத்தியபோது ஒரு நீளமான கிரீச். கேட்டதுமே தெரிந்துவிட்டது, துரு விட்டுக்கொடுத்துவிட்டது.

"கழண்டுடுச்சு" என்றார் டாக்டர். அவர் கத்தவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வலது கையை விரித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று இருந்தது அவளுக்கு. அழுகையும் வந்தது. நாளைக்குக் கார் ஓடும்.

அதற்கு மேல் அவர் விசில் அடிக்காத குறை. போல்ட்டைத் தட்டி உருவினார். மூட்டின் தண்டு குழிக்குள் இன்னும் இறுகித்தான் நின்றது. குழியின் பிளவில் ஒரு தட்டை உளியை அடித்து இளக்கினார். தோட்டத்துக் கடப்பாரையைக் கொண்டுவந்து லோயர் ஆர்மின் மேல் மட்டமாகச் செருகினார்.

"இதை நீ அமுக்கணும். ஆர்ம் கீழ வரும், மூட்டு வெளிய வந்துடும். அமுக்கிக்கிட்டே இரு. அந்த முனையில இருக்கற ரப்பர் வளையம் அதை மேல இழுக்கும், விட்டுடாதே. நான் குழியைச் சுத்தம் பண்ணிட்டு விடுன்னு சொன்னதும் விடு."

"உங்க கை?"

"கையை எடுத்துட்டுத்தானே விடுன்னு சொல்லுவேன். நான் என்ன சின்னக் குழந்தையா?"

அவள் கடப்பாரையின் நுனியில் முழு பாரத்தையும் போட்டாள். ஆர்ம் முனகிக்கொண்டு இறங்கியது. டக்கென்று மூட்டு குழியைவிட்டு வெளியே வந்தது. டாக்டர் இடைவெளிக்குள் வலது கையை விட்டுத் துருச் செதிலை எல்லாம் துடைத்தெடுத்தார். அவள் அவர் கையை அல்ல, கடப்பாரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடப்பாரை நழுவினால் என்ன ஆகும் என்கிற ஒரே நினைப்பு. தோள்பட்டை இற்றுப்போனது.

"சரி, விடு" என்றார்.

மெதுவாக விட்டாள். ஆர்ம் மேலே போய் நின்றது. கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் போன் பக்கம் முகத்தைத் திருப்பி அடுத்து என்ன என்று வீடியோவைப் பார்த்தார். பார்த்தபடியே கையை நீட்டினார். ஆர்மின் இன்னொரு முனையைக் கழற்ற வேண்டும், பெரிய ஸ்பானர். அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதே இல்லை. எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.

வைத்த பிறகுதான் ஏதோ உறுத்தியது. நீட்டியது இடது கை. இத்தனை வருஷத்தில் அந்தக் கையில் அவள் எதையுமே வைத்ததில்லை.

"என்னங்க."

"ம்."

"உங்க வலது கை எங்க?"

"இங்கதான்" என்று சொல்லிக்கொண்டே அவர் வலது கையை இழுத்தார். தோள்தான் இழுபட்டது. கை வரவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். ஆர்முக்கும் மேலே இருக்கிற இரும்புக்கும் நடுவில் கையுறை போட்ட இரண்டு விரல், சுண்டுவிரலும் மோதிரவிரலும், முதல் கணு வரைக்கும் உள்ளே மாட்டி நசுங்கிக்கிடந்தன. வெள்ளைக் கையுறைக்குள் சிவப்பு ஊறி மணிக்கட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. வலியில் சுருங்குகிற முகம் இல்லை அது. யாருடைய விரலையோ பார்க்கிற முகம்.

அவள் கத்தவில்லை. கத்த நேரமில்லை. பாய்ந்து கடப்பாரையை எடுத்துச் செருகி, அதன் மேல் அப்படியே விழுந்தாள். "எடுங்க, எடுங்க, எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து உருவினார். கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் உருவவேண்டியிருந்தது. கை வெளியே வந்ததும் அவள் கடப்பாரையை விட்டாள். இரும்பும் இரும்பும் மோதிய சத்தம் தகரத்தில் எதிரொலித்தது.

கிளினிக்குக்குள் அவரை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்தாள். கையுறையைக் கத்தரித்து எடுத்தாள். நகம் இரண்டும் கறுத்திருந்தன, தோல் கிழிந்திருந்தது. விரலை மடக்கச் சொன்னாள், மடங்கியது. எலும்பு தப்பித்துவிட்டது. மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். கிழிந்த தோலில் அந்த மருந்து பட்டால் கல்லும் அலறும். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வலிச்சிருக்கணும்" என்றார் அவர், கையைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியிருந்து."

 "அப்ப அந்தப் பத்தொன்பது?"

"தெரிஞ்சுதான் குடுத்தேன். போல்ட்டு கழலக்கூடாதுன்னு காலையிலேருந்து வேண்டிக்கிட்டு இருந்தேன். வண்டி நின்னா சம்பந்தியம்மா வரமாட்டாங்க, நீங்க கை வைக்க வேண்டியிருக்காதுன்னு."

அவர் சிரித்தார். சிரிப்பா என்றுகூடச் சொல்ல முடியாது. "நான் அதுக்கு நேர்மாறா ஒரு கணக்கு வச்சிருந்தேன். இந்தப் போல்ட்டு கழண்டா நாளைக்குத் தைரியமா எடுத்துடலாம், கழலலைன்னா இத்தோட விட்டுடலாம்னு. அதான் வேற மெக்கானிக் வேண்டாம்னு நானே உட்கார்ந்தேன். கழண்டுடுச்சு பாரு."

இரண்டு பேரும் ஒரே போல்ட்டின் மேல் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே தட்டு ஸ்பானரை வைத்துக்கொண்டு. முன்னாலேயே ஒரு வார்த்தை பேசியிருந்தால் விரலாவது நசுங்காமல் இருந்திருக்கும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. துணியைச் சுற்றிக் கட்டுப்போட்டாள்.

கட்டு முடிந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வைப் பார்த்ததுமே அவளுக்கு மறுபடியும் திக்கென்றது.

"இந்த ரெண்டும் போகட்டும். குறடு பிடிக்க மத்த மூணு விரல் போதும். அதுல ஒரு குறையும் இல்லை. நாளைக்குச் சின்னக் கட்டா மாத்திக்கிட்டா கையுறைக்குள்ள போயிடும்."

"என்னங்க சொல்றீங்க?"

"அவங்க வலியில துடிக்கறாங்க. நான் வாக்கு குடுத்திருக்கேன். நம்பலைன்னா நீயே சோதிச்சுப் பாரு. அந்த ஊசியை எடு. நான் கண்ணை மூடிக்கறேன். நடுவிரல்ல குத்து."

பல்லில் சொத்தை தேடுகிற மெல்லிய ஊசி. அவள் எடுத்தாள். அவர் சாய்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கையை நாற்காலியின் கைப்பிடியில் மல்லாத்தி வைத்தார். நடுவிரலின் நுனி அவள் முன்னால் இருந்தது. இந்த விரலாவது நன்றாக இருக்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. வேண்டாம், இருந்தால் நாளைக்குக் குறடைத் தொடுவார் என்று இன்னொரு மனசு.  ஊசியை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். குத்த மனசு வராமல் அப்படியே நின்றாள்.

"தெரியுது" என்றார் அவர். "நல்லாவே தெரியுது. கொஞ்சம் அழுத்தியே குத்திட்டே."

அவள் ஊசி முனைக்கும் விரலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"என்ன, இப்ப நம்பறியா?"

 சரி என்று சொல்லிவிட்டால் போதும், அவர் முகம் மறுபடியும் வெளிச்சமாகிவிடும். சம்பந்தியம்மாவின் வீங்கிய முகமும் மகளின் குரலும் நினைவுக்கு வந்தன.

"இன்னும் குத்தலைங்க" என்றாள். "தொடவே இல்லை."

அவர் உடனே கண்ணைத் திறக்கவில்லை. இமைக்குள் கருவிழி அசைவது தெரிந்தது. திறந்தபோது ஊசியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. வெளியே தெருவில் யாரோ ஒரு சைக்கிளின் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாத்தியார், "என்ன டாக்டர், வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார். 

"போனைப் போடு" என்றார் டாக்டர்.

"நான் பேசறேங்க. கார் ஒடைஞ்சுபோச்சுன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம். குடு."

இடது கையில் வாங்கிக்கொண்டார். மகள் எடுத்திருப்பாள் போலிருக்கிறது. "அத்தைகிட்டே குடும்மா" என்றார். காத்திருந்தார். டாக்டரின் மனைவி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, வைத்ததை எடுத்து, மறுபடியும் வைத்தாள்.

"சம்பந்தியம்மா, நான்தான். வலி எப்படி இருக்கு? ... இல்லைம்மா, நாளைக்கு என்கிட்ட வேண்டாம். பக்கத்துல அந்த ஆஸ்பத்திரியிலேயே காட்டிடுங்க, இன்னைக்கே போங்க. ... கார்ல ஒண்ணும் இல்லைம்மா, கார் ரெடியாயிடும். என் கைதான் சரியில்லை." கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்தார். "நாளைக்கு மட்டும் இல்லைம்மா. இனிமே நான் பல் எடுக்கறதா இல்லை."

காலையிலிருந்து அவள் எதற்காக வேண்டிக்கொண்டிருந்தாளோ அது கிடைத்துவிட்டது. யார் உதடும் மரத்துப்போகாது, யார் மானமும் போகாது. ஆனால் அவர் அந்த வார்த்தையை அவ்வளவு நிதானமாகச் சொன்னதைக் கேட்டபடி அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரியுது, நல்லாவே தெரியுது என்று அந்த மனுஷர் இன்னும் ஒரே ஒருதரம் பொய் சொல்லமாட்டாரா என்று இருந்தது.